எரிமலைக்கு ஒரு திணை

பொம்பெயி நகரத்து வீடு ஒன்றில், வீட்டுத் தெய்வங்களைக் கும்பிடும் இடத்தின் சுவரில் ஓர் ஓவியம் இருந்தது. இப்போது அது நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒற்றைச் சிகரத்தோடு ஒரு மலை. சரிவெல்லாம் திராட்சைக் கொடிகள். பக்கத்தில் மதுவின் கடவுளான பாக்கஸ் நிற்கிறார். அவருடைய உடம்பே ஒரு பெரிய திராட்சைக் குலையாக இருக்கிறது. கீழே ஒரு பாம்பு ஊர்ந்து போகிறது. அந்த மலை வெசுவியஸ் என்பதுதான் பொதுவான கருத்து. கி.பி. 79இல் வெடித்து அந்த ஓவியத்தையும் வீட்டையும் ஊரையும் சேர்த்து மூடியது அதே மலைதான்.

படத்தில் புகை இல்லை, நெருப்பு இல்லை, பயமும் இல்லை. வரைந்தவருக்கு அது விளைச்சல் மலை.

இதை எரிமலை ஓவியம் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பேன். அந்தச் சரிவில் திராட்சை அப்படிக் காய்த்ததற்குக் காரணம், எப்போதோ கொட்டிய சாம்பல் மக்கிப்போய் உண்டான சத்துள்ள மண். நெருப்பைப் பார்த்துப் பிறந்த கதைகளை மட்டும் எரிமலைக் கதைகள் என்று எண்ணிக்கொண்டால், பாதிக்கு மேல் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஒரு நிலம் எப்படிக் கதையாகவும் பாட்டாகவும் படமாகவும் மாறுகிறது என்று கேட்டால், தமிழில் படிக்கிற நமக்கு ஒரு நல்ல கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதுதான் திணை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், மரம், பூ, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே மனிதருக்குள் எழும் உணர்வு உரிப்பொருள். ஐந்திணையில் எரிமலைக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு ஹவாய்க்கும் ஜாவாவுக்கும் நேப்பிள்ஸுக்கும் போய்ப் பார்த்தால் அங்கே உள்ள கதைகள் சட்டென்று பிடிபடுகின்றன. அப்படித்தான் எனக்குப் பிடிபட்டன.

நிலமும் பொழுதும்

எரிமலை என்ற ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட மலைகள் இருக்கின்றன. வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் பாறைக்குழம்பில் இருக்கும் சிலிக்காவின் அளவு. மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். அது ஏறக்குறைய 50 சதவீதம் இருந்தால் குழம்பு இளகலாக ஓடும். அதற்குப் பசால்ட் என்று பெயர். 60, 70 என்று ஏற ஏறக் குழம்பு பிசுபிசுப்பாகும்.

தண்ணீர் கொதிக்கும்போது குமிழி மேலே வந்து அமைதியாக உடைந்துவிடும். கெட்டியான கூழ் கொதித்தால் குமிழி அடியில் மாட்டிக்கொண்டு, பிறகு டப்பென்று வெளியே தெறிக்கும். எரிமலையிலும் நடப்பது இதுதான். பாறைக்குழம்பில் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. இளகலான குழம்பிலிருந்து அவை எளிதாகப் பிரிந்துவிடுவதால் லாவா ஆறு மாதிரி வழிந்து ஓடும். பிசுபிசுப்பான குழம்பில் வாயு அடைபட்டு, அழுத்தம் ஏறி, மலையே வெடிக்கும். ஒழுகும் மலையின் ஓரத்தில் நின்று மனிதர் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெடிக்கும் மலையின் பக்கத்தில் நின்றவர் கதை சொல்லத் திரும்பி வருவதில்லை. இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி தெய்வம் பிறக்காதுதானே?

இனி, பொழுது. எரிமலையைப் பொறுத்தவரை நிலத்தைவிடப் பொழுதுக்குத்தான் பலம் அதிகம் என்று நினைக்கிறேன். ஹவாயின் கிலாவேயா 1983 முதல் 2018 வரை கிட்டத்தட்ட விடாமல் லாவா கக்கியது. ஜாவாவின் மெராபி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழிக்கிறது. வெசுவியஸோ 79க்கு முன் பல நூற்றாண்டுகள் தூங்கியது. தினமும் பார்க்கும் நெருப்பு, தாத்தா பார்த்த நெருப்பு, யாருமே பார்க்காத நெருப்பு என்று மூன்று விதமான ஊர்கள் இவை.

ஒரே ஒருமுறை நடந்து முடிந்ததும் கதையாகத் தங்குவதுண்டு. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் மசாமா என்ற மலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தக் குழியில் மழையும் பனியும் நிரம்பி உண்டான ஏரி கிட்டத்தட்ட 600 மீட்டர் ஆழம். அங்குள்ள கிளாமத் மக்களின் கதையில், கீழுலகத் தலைவன் லாவோவும் மேலுலகத் தலைவன் ஸ்கெல்லும் சண்டை போடுகிறார்கள். நெருப்புப் பாறைகள் பறக்கின்றன. கடைசியில் லாவோ நின்ற மலை உள்ளே சரிந்து அவனை மூடிவிடுகிறது. வெடித்தது, பிறகு உள்ளே விழுந்தது என்ற வரிசை சரியாக இருக்கிறது. மசாமா சாம்பலுக்கு அடியில் மனிதர் பின்னிய காலணிகளைத் தொல்லியலாளர்கள் எடுத்திருப்பதால், அந்தப் பகுதியில் அப்போது மக்கள் வாழ்ந்ததும் உறுதி.

பெலே நடந்த வழி

ஹவாய்க்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் உட்காரப் போகிறேன், ஏனென்றால் நிலமும் கதையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்ட இடம் வேறு எனக்குத் தெரியாது.

இங்கே தெய்வம் பெலே. லாவாவே அவளுடைய உடம்பு என்பார்கள். அவள் தூரத்துத் தாய்நிலத்திலிருந்து படகில் புறப்பட்டு வருகிறாள். துரத்திக்கொண்டு வருகிறவள் அவளுடைய அக்கா நாமகா, கடலின் தெய்வம். பெலே முதலில் வடமேற்கில் இருக்கும் கவாயித் தீவில் இறங்கி, கையிலிருக்கும் கோலால் தனக்கொரு நெருப்புக் குழி தோண்டுகிறாள். கடல் வந்து குழியை நிரப்பி அணைத்துவிடுகிறது. ஓஹுவுக்குப் போகிறாள், அங்கேயும் அதேதான். மொலொகாய், மாவி என்று ஒவ்வொன்றாகத் தென்கிழக்கே நகர்ந்து, கடைசியில் பெரிய தீவின் கிலாவேயாவுக்கு வருகிறாள். அங்கே எவ்வளவு தோண்டினாலும் கடல் எட்டவில்லை. ஹலேமவுமவு என்ற குழியில் குடியேறுகிறாள். இன்றைக்கும் அது அவள் வீடு.

இப்போது புவியியல் சொல்வதைக் கேளுங்கள். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் ஒன்றான பசிபிக் தட்டின் அடியில் ஓரிடத்தில் சூடான பாறை மேலேறி வந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் தட்டு வடமேற்காக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் நகர்கிறது. அடுப்பு ஒரே இடத்தில் இருக்க, மேலே தீவுகள் ஒவ்வொன்றாகப் பிறந்து, தள்ளிப்போய், அணைந்துபோகின்றன. கவாயின் வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். பெரிய தீவுக்குப் பத்து லட்சம்கூட ஆகவில்லை. இந்த விளக்கத்தை கனடா நாட்டுப் புவியியலாளர் டூசோ வில்சன் முன்வைத்தது 1963இல். பெலே எந்த வரிசையில் தீவுகளைக் கடந்தாளோ, அதே வரிசையில்தான் தீவுகளின் நெருப்பும் அணைந்திருக்கிறது.

அந்தக் காலத்திலேயே தட்டு நகர்வது தெரிந்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதைவிட அழகான ஒன்று நடந்திருக்கிறது. அந்த மக்கள் கண்ணால் பார்த்தார்கள். கவாயில் பள்ளத்தாக்குகள் ஆழமாக அறுந்திருக்கின்றன, மண் சிவந்து தடித்திருக்கிறது. பெரிய தீவில் கறுப்புப் பாறை அப்படியே கிடக்கிறது. எது பழசு, எது புதுசு என்று நிலத்தைப் படித்துவிட்டு, அந்த வரிசைக்கு ஒரு காரணம் தேடியிருக்கிறார்கள். கிடைத்த காரணம் அக்கா தங்கைச் சண்டை. கடல் வந்து குழியை அணைத்தது என்பதும் வெறும் கற்பனை இல்லை. பெலே தோண்டிப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடங்களில் ஓஹுவின் டைமண்ட் ஹெட் குன்றும் ஒன்று. எரிகுழம்பு நீரில் பட்டு வெடித்துச் சிதறி, அந்தத் துகள் குவிந்து உண்டான குன்று அது.

பெலேயின் கடைசித் தங்கை ஹீயாகா. கவாயில் இருக்கும் தன் காதலன் லோஹியாவை அழைத்துவரும்படி பெலே அவளை அனுப்புகிறாள். போகும்போது ஹீயாகா ஒன்றே ஒன்று கேட்கிறாள்: என் லெஹுவாக் காட்டையும் என் தோழி ஹோபோயேயையும் பார்த்துக்கொள். பயணம் நீள்கிறது. பெலேக்குப் பொறுமை இல்லை. தங்கை துரோகம் செய்துவிட்டாள் என்று நினைத்துக் காட்டை எரிக்கிறாள், ஹோபோயேயைக் கல்லாக்குகிறாள். திரும்பி வந்த ஹீயாகா அதைப் பார்த்துவிட்டு, பெலேயின் கண்முன்னே குழியின் விளிம்பில் லோஹியாவைக் கட்டிக்கொள்கிறாள். பெலே அவனை லாவாவால் மூடுகிறாள். ஹீயாகா அவன் உடலைத் தேடிப் பாறைகளை வீசியெறிந்து தோண்டத் தொடங்குகிறாள். இன்னும் ஆழமாகப் போனால் தண்ணீர் வந்து நெருப்பு அணைந்துவிடும் என்று மற்றவர்கள் தடுக்கிறார்கள்.

இது நெடுங்கதை, மந்திரப் பாட்டுகளாகவும் ஹுலா ஆட்டமாகவும் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஹுலாவில் பெலேக்கும் ஹீயாகாவுக்கும் இருக்கும் இடம் மிகப் பெரியது.

கிலாவேயாவில் பல ஆண்டுகள் பணிபுரிந்த புவியியலாளர் டான் ஸ்வான்சன் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் கிலாவேயாவிலிருந்து சுமார் 60 ஆண்டுகள் லாவா ஓடி, பெருங்காட்டை அழித்திருக்கிறது. அதற்குப் பின், ஏறக்குறைய 1500இல், உச்சி உள்ளே இடிந்து பெரும்பள்ளம் உண்டாயிற்று. தொடர்ந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் நிலத்தடி நீரோடு சேர்ந்த வெடிப்புகள். காடு எரிந்தது, குழி தோண்டப்பட்டது, தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கை வந்தது என்று கதையிலும் அதே வரிசை. விஞ்ஞானிகளோ நெடுங்காலம் அந்தப் பள்ளம் 1790 வாக்கில்தான் உண்டானது என்று நம்பியிருந்தார்கள். பாட்டைக் கவனமாகக் கேட்டிருந்தால் முன்பே சரியாகக் கணித்திருக்கலாம் என்பது ஸ்வான்சனின் கருத்து. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை. கையால் எழுதிவைக்காத ஒரு சமூகம் கல்லின் வரலாற்றைக் காதல் கதைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறது.

மரமும் பூவும் வேண்டுமே? அதுவும் உண்டு. ஆறிய லாவாவின் விரிசலில் முதலில் முளைக்கும் மரங்களில் ஓஹியாவும் ஒன்று. அதன் பூ லெஹுவா, கறுப்புப் பாறைமேல் செக்கச்செவேலென்று நிற்கும். ஓஹியா என்ற இளைஞன் மீது பெலே ஆசைப்பட்டாள், அவன் லெஹுவாவைக் காதலித்ததால் மறுத்தான், கோபத்தில் அவனை மரமாக்கினாள், மற்ற தெய்வங்கள் இரங்கி லெஹுவாவை அதே மரத்தின் பூவாக்கின என்பது கதை. பூவைப் பறித்தால் மழை வரும் என்பார்கள்; பிரிந்த இருவரின் கண்ணீர்.

சொற்களும் இங்கிருந்து உலகத்துக்குப் போயிருக்கின்றன. வழவழப்பாகக் கயிறு மடிந்ததுபோல் உறையும் லாவாவுக்குப் பாஹொய்ஹொய் என்றும், கரடுமுரடாகக் காலைக் கிழிப்பதற்கு அஆ என்றும் ஹவாய் மொழியில் பெயர். எரிமலையியலாளர்கள் எங்கே போனாலும் இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். காற்றில் இழுபட்டு முடிபோல் மெல்லியதாக உறையும் கண்ணாடி இழைக்கு அறிவியலிலும் பெயர் பெலேயின் கூந்தல்.

2018இல் லாவா 700க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியபோது, சிலர் அதன் முன் டி (ti) என்ற உள்ளூர்ச் செடியின் இலைகளை வைத்தார்கள். வருகிறவளுக்கு மரியாதை. ஒழுகி வரும் நெருப்பு என்பதால் இலை வைக்க நேரம் இருந்தது. அந்த நேரம்தான் அங்குள்ள பக்தியின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அசையும் தீவுக்கு ஆணி

ஜாவாவில் நிலைமை வேறு. அங்கே ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் இறங்குகிறது. உள்ளே போகும் தட்டோடு நீரும் போவதால் மேலே உருகும் குழம்பில் வாயு அதிகம், பிசுபிசுப்பும் அதிகம். தீவின் நீளத்துக்கு எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. நில அதிர்வுகளுக்கும் குறைவில்லை.

அந்த நிலத்தில் எழுந்த கதையை நாம் கேட்டவுடன் புரிந்துகொள்வோம், ஏனென்றால் அதில் வருவது மேரு. பழைய ஜாவா மொழியில் எழுதப்பட்ட தந்து பங்கெலாரன் என்ற நூல் சொல்கிறது: ஜாவாத் தீவு கடலில் நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தேவர்கள் ஜம்புத்தீவிலிருந்து மகாமேருவைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். மேற்கில் வைத்தபோது கிழக்குப் பக்கம் தூக்கிக்கொண்டது. சரி என்று கிழக்கே தூக்கிச் சென்றார்கள். போகிற வழியில் உதிர்ந்த துண்டுகள் வரிசையாக மலைகளாயின. மிச்சம் செமெரு மலையாக நின்றது. செமெருதான் ஜாவாவிலேயே உயரமான எரிமலை, 3,676 மீட்டர்.

வெளியிலிருந்து வந்த ஒரு மலையை உள்ளூர் நிலம் தன் தேவைக்கு எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை கிடைக்காது. மேரு இந்தியாவில் உலகின் நடு. ஜாவாவில் அது ஆடும் தரைக்கு அடித்த ஆணி. பூமி அடிக்கடி ஆடும் இடத்தில்தான் ஒருவருக்கு ஆணி நினைவுக்கு வரும்.

மெராபியின் உரிப்பொருள் அச்சம் என்று எதிர்பார்ப்போம். அங்கே எனக்குத் தெரிவது அண்டைவீட்டு மரியாதை. மலைக்குள் ஓர் அரண்மனை இருக்கிறது, அதில் அரசரும் படையும் உண்டு என்பது நம்பிக்கை. யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனை ஆண்டுதோறும் லபுஹான் என்ற சடங்கில் மெராபிக்கும் தெற்குக் கடலுக்கும் துணிமணிகளைக் காணிக்கையாக அனுப்புகிறது. மலை, அரண்மனை, கடல் மூன்றையும் இணைக்கும் அச்சில்தான் நகரமே அமைக்கப்பட்டிருக்கிறது. யுனெஸ்கோ 2023இல் அதை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. மலைக்கென்று அரண்மனை நியமிக்கும் காவலரும் உண்டு. மாரிஜான் என்ற முதிய காவலர் 2010 அக்டோபர் 26 அன்று கீழே இறங்க மறுத்து, சரிந்து வந்த தீமேகத்தில் உயிரிழந்தார். அண்டைவீடு என்ற உறவை அவர் அவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

நிழல்பாவைக் கூத்தான வாயாங்கில் ஆட்டம் தொடங்கும் முன் திரையின் நடுவில் ஊன்றப்படுவது குனுங்கான் என்ற மலை வடிவப் பாவை. குனுங் என்றால் மலை. அதை எடுத்தால் கதை தொடங்கும், திரும்ப நட்டால் முடியும். இடையில் அதுவே காடாகும், காற்றாகும், நெருப்பாகும். ஜாவாவின் பௌத்தக் கோவிலான போரோபுதூரின் அடுக்குகளும் எரிமலைப் பாறையான ஆண்டிசைட்டில் எழுந்தவைதான். இதே யோக்யகர்த்தா பக்கத்தில் 1966இல் ஒரு விவசாயி நிலத்தை வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. தோண்டத் தோண்ட சம்பிசாரி என்ற சிவன் கோவில் கிடைத்தது. மெராபி கொட்டிய சாம்பலும் மணலும் அதை ஆறரை மீட்டர் ஆழத்தில் மூடியிருந்தன.

எல்லாவற்றுக்கும் எரிமலை காரணமா?

இல்லை. இந்த இடத்தில் நிறுத்தி ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் ஆர்வக்கோளாறு அதிகம். கதையில் நெருப்பு வந்தால் எரிமலை, வெள்ளம் வந்தால் சுனாமி என்று ஒட்டிவிடுவது எளிது. நிலம் கதைக்கு வேண்டிய பொருளைத் தருகிறது. அதை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்வது மனிதர்கள்.

ஐஸ்லாந்து அதற்கு நல்ல சாட்சி. இரண்டு தட்டுகள் விலகும் பிளவின்மேல் அந்த நாடு இருக்கிறது. குடியேற்றம் தொடங்கிய 9ஆம் நூற்றாண்டிலிருந்தே வெடிப்புகள். ஆனாலும் அந்த நாட்டின் புகழ்பெற்ற சாகாக் கதைகளில் எரிமலை மிக அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறது. குடும்பப் பகை, நிலத் தகராறு, சட்டம், மானம் இவைதான் அவற்றின் உலகம். காலடியில் நெருப்பு இருந்தும் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றித்தான் எழுதினார்கள். புராணப் பாட்டான வோலுஸ்பாவில் மட்டும் உலக முடிவில் சூரியன் கறுக்கிறது, ஆவியும் தீயும் வானத்தைத் தொடுகின்றன. 10ஆம் நூற்றாண்டில் நடந்த எல்ட்கியா பெருவெடிப்பின் நினைவு அது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருக்கலாம். 1963இல் கடலிலிருந்து புதிதாக எழுந்த தீவுக்கு, அதே புராணத்தின் நெருப்பு அரக்கன் சுர்த் பெயரால் சுர்த்சே என்று பெயர் வைத்தார்கள்.

சாகாக்களில் எரிமலை வரும் ஓர் அபூர்வமான இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கி.பி. 1000 வாக்கில் நாட்டின் சபையான அல்திங்கில், கிறித்தவத்தை ஏற்பதா என்று வாதம் நடக்கிறது. அப்போது ஒருவர் ஓடிவந்து, பக்கத்தில் பூமி பிளந்து நெருப்பு வருகிறது என்கிறார். பழைய சமயத்தார், நம் தெய்வங்கள் கோபித்துவிட்டன என்கிறார்கள். ஸ்னோரி என்ற தலைவர் கேட்கிறார்: நாம் இப்போது நிற்கும் இந்தப் பாறை எரிந்தபோது தெய்வங்கள் எதற்காகக் கோபித்தன? சபை கூடிய இடமே பழைய லாவாத் தளம். ஆள் வருவதற்கு முன்பே எரிந்து ஆறிய நிலம் அது. அதை அறிந்திருந்த ஒருவர், அந்த அறிவை வாதத்தில் ஆயுதமாக எடுக்கிறார். எரிமலை நிலம் பக்தியைத்தான் தரும் என்றில்லை, கேள்வியையும் தரும்.

வெசுவியஸுக்குத் திரும்புவோம்

வெசுவியஸின் பொழுதுதான் இங்கே கதாநாயகன். 79க்கு முன் அது தூங்கியது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ மட்டும் உச்சிப் பாறை கருகிக் கிடப்பதைக் கவனித்து, ஒருகாலத்தில் இங்கே நெருப்பு இருந்திருக்கும் என்று எழுதினார். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை.

பயம் இருந்த இடம் நேப்பிள்ஸ் வளைகுடாவின் மறுபக்கம். கம்பி பிளெக்ரெய், அதாவது எரியும் வயல்கள். அங்கே தரையிலிருந்து கந்தக ஆவி வருகிறது, சேறு கொதிக்கிறது, நிலம் மெல்ல ஏறி இறங்குகிறது. அவெர்னஸ் என்ற பழைய எரிவாய் ஏரியின்மேல் பறவை பறக்காது என்றார்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜில் தன் காவியத்தில் நாயகன் பாதாளத்துக்கு இறங்கும் வாயிலாக இந்த ஏரியைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர் நேப்பிள்ஸில் வாழ்ந்தவர். நரகத்துக்கு இடம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. வெடிக்கும் மலை விளைச்சலாகவும் புகையும் தரை பாதாளமாகவும் தெரிந்திருக்கிறது. கண்ணுக்கு முன் நடப்பதைத்தான் கற்பனை பிடித்துக்கொள்கிறது.

பிறகு 79. பின்னாளில் எழுத்தாளரான இளைய பிளினி, அப்போது பதினேழு வயதில், வளைகுடாவுக்கு அப்பாலிருந்து பார்த்தார். அவருடைய மாமா காப்பாற்றப் போய் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில், எழுந்த மேகம் பைன் மரம்போல நெட்டையாக உயர்ந்து மேலே கிளை விரித்தது என்றார். இளைஞராக நின்று பார்த்த ஒருவரின் உவமை அது. இன்றும் அந்த வகை வெடிப்புக்கு அறிவியலில் பிளினி வெடிப்பு என்றுதான் பெயர்.

1631 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வெடிப்பின்போது நேப்பிள்ஸ் மக்கள் புனித ஜெனாரோவின் திருச்சின்னங்களை ஊர்வலமாக எடுத்துவந்தார்கள். அவர்களுக்கு அவர் எரிமலையிடமிருந்து காக்கும் புனிதர். டிசம்பர் 16இல் இன்றும் அது நினைவுகூரப்படுகிறது. 1631 தொடங்கி 1944 வரை மலை அடிக்கடி சிறிதும் பெரிதுமாக எரிந்துகொண்டிருந்தது. ஐரோப்பியச் செல்வந்தர்கள் இத்தாலியைச் சுற்றிப்பார்க்க வந்ததும் இதே காலத்தில்தான். தூரத்தில் நின்று பாதுகாப்பாகப் பார்க்கக்கூடிய நெருப்பு, வாங்க ஆள், வரைய ஓவியர் மூன்றும் ஒன்றுசேர்ந்தன. இரவு, செந்நெருப்பு, கீழே கடலில் அதன் பிம்பம், ஒரு பக்கம் நிலா என்று ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. இங்கிலாந்து ஓவியர் ஜோசப் ரைட் மட்டுமே சுமார் 30 வெசுவியஸ் படங்கள் வரைந்தார். பிரிட்டிஷ் தூதர் வில்லியம் ஹாமில்டன் மலையில் திரும்பத் திரும்ப ஏறி அளந்து, பியெத்ரோ ஃபாப்ரிஸ் வரைந்த படங்களோடு 1776இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் கலை எங்கே முடிந்து அறிவியல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

1836இல் கவிஞர் லெயோபார்தி மலைச்சரிவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது லாவாமேல் பூத்த ஜினெஸ்த்ரா என்ற மஞ்சள் பூவைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கவிதையில், அடுத்த லாவா வந்தால் அந்தச் செடி எதிர்க்காமல் தலைசாய்க்கும். ஆனால் மனிதரைப்போல் தான் அழியாதவன் என்று பெருமை பேசாது. ஹவாயின் லெஹுவாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கறுப்புப் பாறை, அதே மாதிரி முதலில் வந்து பூக்கும் பூ. அங்கே அது பிரிந்த காதலரின் கண்ணீராகிறது, இங்கே மனிதரின் சிறுமையைக் காட்டுகிறது. முதற்பொருளும் கருப்பொருளும் இவ்வளவு ஒத்திருந்தும் உரிப்பொருள் வேறாகப் போகிறது. நிலம் எதுவரை தீர்மானிக்கிறது, எங்கிருந்து மனிதர் தொடங்குகிறார் என்பதை இந்த இரண்டு பூக்களை வைத்தே பேசிவிடலாம்.

எரிமலை கலைக்குக் கருவாக மட்டும் இல்லாமல் கலவையாகவும் வருவதுண்டு. நேப்பிள்ஸுக்கு அருகில் உள்ள போட்சுவோலி ஊர்ப் பக்கத்துச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நீருக்கடியிலும் இறுகும். ரோமானியர் துறைமுகங்கள் கட்டியது அந்த வகைக் கலவையில்தான். ரோம் நகரத்துப் பாந்தியன் கோவிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடத்திலும் எரிமலைச் சாம்பல் கலந்திருக்கிறது. உச்சிக்குப் போகப்போக எடை குறைய நுரைக்கல் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தத் திராட்சை மலை ஓவியம் நமக்குக் கிடைத்ததும் சாம்பலால்தான். வெளியில் நின்றிருந்தால் வெயிலும் மழையும் அதை என்றோ உரித்திருக்கும். அது இருந்த வீட்டைத் தோண்டியெடுக்கத் தொடங்கிய ஆண்டு 1879. வெடித்து 1,800 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு என்பதால் அந்த வீட்டுக்கு நூற்றாண்டு வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே, பாக்கஸின் பக்கத்தில், புகையில்லாத அந்த மலை பச்சையாக நின்றுகொண்டிருந்தது.